இரண்டாம் அழைப்பு

எங்கள் ஊரில் பெண்ணைப் பெண்தான் கூப்பிட வேண்டும். கலியாணமோ, பிள்ளைக்குப் பேர் வைக்கிறதோ, எதுவென்றாலும் ஒருத்தி வேலிப் படலையடியில் வந்து நின்று, வட்டாத் தட்டில் வெற்றிலையை நீட்டி, "வாங்க" என்று சொன்னால்தான் உள்ளே இருக்கிறவள் வெளிக்கிடுவாள். ஆம்பிளை வந்து சொன்னால் அது வெறும் செய்தி. கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனால் வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாளோ, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி. விசேஷத்தன்று கூப்பிட்டவளே திரும்பவும் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போவாள்.

கிண்ணியாத் துறையடிக்குப் பக்கத்தில், வாடிக்கரை வட்டாரத்தில், அந்த வேலை என் வேலை. மாமியார் மௌத்தாகும்போது தன் பித்தளை வட்டாவை என் கையில் தந்துவிட்டுப் போனா. அன்றிலிருந்து எந்த வீட்டில் விசேஷமென்றாலும் "சித்தி பரீதா வந்து கூப்பிட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். எந்தப் படலை கிறீச்சிடும், எந்த வளவில் நாய் கடிக்கும், எந்த மாமியார் மருமகளை விடமாட்டாள், எல்லாம் எனக்குத் தெரியும்.

ஜெமீல் முதலாளியைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. கரையில் உள்ள மீன்வாடி அவருடையது. தோணிகள், வலைகள், கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறி, எல்லாம் அவருடையவை. ஊரில் முக்கால்வாசி ஆம்பிளைகள் அவருடைய தோணியில்தான் கடலுக்குப் போனார்கள். கிராமச் சங்கத்தில் எங்கள் வட்டாரத்து உறுப்பினரும் அவர்தான். தேர்தல் நடந்ததென்று நினைக்காதீர்கள். அவரை எதிர்த்து நிற்க ஆளில்லை, அவ்வளவுதான்.

என் மாப்பிள்ளை, அதாவது என் புருஷன், கலீலுர் றஹ்மான் துறைமுகத்தில் வெள்ளைக்காரனுடைய கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போக, இவர் பெயின்ற் கறையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஜெமீல் முதலாளி தன் மருமகன், தங்கச்சி மகன் அன்ஸாருக்கு எங்கள் மகள் ஸுல்பிகாவைக் கேட்டு ஆளனுப்பினார். அன்ஸார் முதல் பெண்சாதியை அடித்துத் துரத்தினவன். அந்தப் பெண்ணின் முறிந்த கையைக் கட்டுவித்தவள் நான். முடியாது என்று சொல்லிவிட்டு, மூதூரில் ஒரு தையற்காரப் பையனுக்குப் பேசி முடித்தோம்.

கலியாணத்துக்கு நானே வட்டாவைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கப் போனேன். பிறர் வீட்டுக் கலியாணங்களுக்குக் கூப்பிட்ட வாயால் என் பிள்ளையின் கலியாணத்துக்குக் கூப்பிட என்ன சந்தோஷம்! ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டு வெற்றிலை எடுத்தாள். "உங்கட மகள்ட கலியாணத்துக்கு வராம வேற எதுக்கு ராத்தா வாற?" என்று சுபைதா கேட்டாள். அவள் மூன்றாம் வளவுக்காரி. அவளுடைய ஐந்து பிள்ளைகளின் விசேஷங்களுக்கும் ஊரைக் கூட்டினவள் நான்.

கலியாணத்துக்கு முதல் நாள் ஜெமீல் முதலாளி வாடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். "அந்த வளவுக்குள்ள கால் வைக்கிறவன் நாளைக்கு என்ட தோணியில கால் வைக்கத் தேவல்ல. பொம்புளையளுக்கும் சேத்துத்தான் சொல்றன்."

இது எங்கள் காதுக்கு வரவில்லை. ஒருவரும் சொல்லவில்லை.

விடிய மாடு அறுத்து, சோறாக்கி, பந்தலில் சஹன்களை வரிசையாக வைத்து மூடினோம். சஹன் என்றால் பெரிய தட்டம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டத்தில் அள்ளித் தின்பார்கள். சஹனில் ஒருவர் தனியே கை வைப்பதில்லை. கூட ஒரு ஆள் இருக்க வேண்டும்.

வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. நான் வட்டாவோடு கூட்டிவரப் போனேன். படலைகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது, பிள்ளையின் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. "சுபைதா, இஞ்ச, சுபைதா" என்று கூப்பிட்டேன். கோழிதான் கொக்கரித்தது.

திரும்பி வந்தபோது மூதூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா பந்தலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"என்ன சம்மந்தி, உங்கட ஊரில ஆக்களே இல்லையா? எல்லாரும் மௌத்தாப் போயிட்டாங்களா?"

உடுத்துச் சோடித்து உட்கார்ந்திருந்த ஸுல்பிகா இதைக் கேட்டாள். முகத்தைத் தூக்கவேயில்லை. அவளை அனுப்பி வைத்த பிறகு, மிஞ்சின சோற்றையெல்லாம் என் மாப்பிள்ளை ஓலைப் பாயில் கட்டிக் களப்புக் கரைக்கு இழுத்துப்போய்ப் புதைத்தார். மண்வெட்டியோடு திரும்பி வந்து, "மண் இளக்கமாத்தான் இருந்திச்சு" என்றார். அவ்வளவுதான் கதைத்தார். அடுத்த மாரி வரவும் அவரையும் அடக்கினோம். டொக்டர் நெஞ்சு வருத்தம் என்று எழுதினார். எழுதட்டும்.

மூதூரில் என் பிள்ளைக்கு ஒரு பேர் நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் மாமியார் அவளை "ஆளில்லாதவள்ட மகள்" என்பாவாம்.

அதன்பிறகு நான் ஒரு படலைக்கும் போகவில்லை. வட்டாவைப் பரணில் போட்டேன். ஊர்ப் பெண்கள் என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். நான் ஒருத்தியையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவர்களுக்கு ஆறியிருக்கும். அழுது, மன்னிப்புக் கேட்டு, எல்லாம் முடிந்திருக்கும். முடியவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஜெமீல் முதலாளியின் வளவில், அவருடைய கண்ணுக்கு முன்னால், சஹன்கள் ஆளில்லாமல் கிடக்க வேண்டும்.

அதற்கு ஒரு நாள் வந்தது. அடுத்த கிராமச் சங்கத் தேர்தலுக்கு ஹிஸ்புல்லா நிற்கிறான் என்று ஊரெல்லாம் கதை.

ஹிஸ்புல்லா துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவன். கடைக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்திருந்த வாலிபர்கள் உசுப்பிவிட்டு, அவன் போய்ப் பேர் கொடுத்துவிட்டான். பேர் கொடுத்த அன்றே அவனுக்கு வயிற்றுப்போக்கு. அவனுக்குக் குடைச் சின்னம் கிடைத்தது, முதலாளிக்குத் தராசு. மீன் விற்கிறவருக்குத் தராசு! "சின்னம் சரி, கல்லு மட்டும் சரியில்ல" என்று பெடியன்கள் ஒளித்திருந்து சிரித்தார்கள்.

நான் கடைக்குப் போனபோது அவன் தேத்தண்ணிப் பேணிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ராத்தா, நான் விலகப் போறன்" என்றான், நான் ஒன்றும் கேட்கமுதலே. "ஆம்புளையள் எல்லாம் முதலாளிட தோணிக்காரர். எனக்கு ஆரு வோட்டுப் போடுற? என்ட பொஞ்சாதியே யோசிச்சுச் சொல்றன் எண்டுறாள்."

"பொம்புளையள்ட வோட்டு எவ்வளவு?"

"அது பாதிக்கு மேல. ஆனா அவங்க போறல்லியே! திரைகட்டின வண்டிலும் முழுக்க முதலாளிட."

"அவங்கள நான் கொண்டுவாறன்."

அவன் பேணியைக் கீழே வைத்தான். "நீங்களா? அண்டைக்கு உங்கட..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லு. என்ட மகள்ட கலியாணத்துக்கே ஆள் கொண்டுவர ஏலாதவள் எண்டுதானே? அதாலதான் வாறன். நீ விலகினா இந்தக் கடையில சுடுதண்ணி இருக்கிற மட்டும் உன்ட தலையில ஊத்துவன், ஹிஸ்புல்லா. நீ வெல்லவேணாம். நில்லு. மிச்சம் என்ட."

அவன் நின்றான். சுடுதண்ணிப் பயமோ என்னவோ.

நான் வட்டாவை இறக்கிப் புளி போட்டு விளக்கினேன். முகம் தெரிகிற மாதிரி மினுங்கியது. ஆனால் வெற்றிலை வைக்கவில்லை. வெறும் வட்டாவை ஏந்திக்கொண்டு முதலில் சுபைதாவின் படலைக்குப் போனேன்.

அவள் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்தாள். ஓடவும் முடியவில்லை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா... உள்ளுக்கு வாங்க, இரிங்க."

"இருக்க வரல்ல. கூப்புட வந்தனான்."

அவள் வட்டாவைப் பார்த்தாள். "இதில வெத்தில இல்லியே?"

"வெத்திலய நீ அண்டைக்கே எடுத்திட்டாய், சுபைதா. எடுத்திட்டு வரல்ல. அந்த வெத்திலைக்கு இப்ப வா. சனிக்கிழம பள்ளிக்கூடத்தில வோட்டு. குடைக்குப் புள்ளடி."

சுளகு அவள் மடியிலிருந்து வழுகியது. கொஞ்ச நேரம் அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா இவர்ர தோணி வேல போயிடும் ராத்தா."

"எப்புடித் தெரியும்? மறைப்புக்குள்ள நீயும் பென்சிலும்தான். பெட்டிக்குள்ள விழுந்த கடுதாசிக்கு வாயில்ல."

"இவர் கேட்டா?"

"தராசுக்குத்தான் போறன் எண்டு சொல்லு. பொய்யெண்டா பாவம் என்ட கணக்கில."

நான் குந்தி, மணலில் விரலால் ஒரு குடை கீறி, பக்கத்தில் இரண்டு கோட்டைக் குறுக்கே இழுத்துப் புள்ளடி போட்டுக் காட்டினேன். அவளும் போட்டுப் பார்த்தாள். பிறகு காலால் அழித்தாள்.

இப்படியே ஒவ்வொரு படலையாகப் போனேன். வெறும் வட்டாவைக் கண்டதும் ஒவ்வொருத்திக்கும் முகம் செத்துப்போனது. நான் தேர்தலைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. றோட்டுப் போடுவோம், கிணறு கட்டுவோம் என்றெல்லாம் ஹிஸ்புல்லாவின் பெடியன்கள் ஒரு துண்டு அச்சடித்திருந்தார்கள். அதை நான் கையிலும் எடுக்கவில்லை. "என்ட மகள்ட கலியாணத்துக்கு வா" என்று மட்டும் சொன்னேன். ஒரே ஒரு கிழவி, பல்லுப் போனவள், எதிர்த்துக் கதைத்தாள். "அது முடிஞ்ச கலியாணம் புள்ள, இப்ப அவளுக்குப் புள்ளையும் புறந்திட்டு." "அந்தப் புள்ளைக்கும் வயசுவந்து கலியாணம் வரும் உம்மா. அதுக்கு முதல் இதுக்கு வாங்க" என்றேன். வருகிறேன் என்றாள்.

ஒரு படலைக்கு மட்டும் நான் போகவில்லை. அது ஜெமீல் முதலாளியின் வீடு.

அவருக்குச் செய்தி போகாமலா இருந்திருக்கும்? "பரீதா வெறும் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறாள், விசராக்கிப் போட்டுது" என்று சொல்லிச் சிரித்தாராம். அவர் வேறு வழியில் வேலை பார்த்தார். கொழும்பிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து காரில் கட்டி, தெருத்தெருவாகக் கத்தவிட்டார். "தாய்மாரே, சகோதரிகளே! வண்டில் ரெடி, திரை ரெடி! வோட்டுப் போட்டுட்டு முதலாளிட வளவில சஹன் சாப்பாடு!" அவருடைய பெண்சாதி நஜ்முன் நிஸா, "நானெண்டாலும் நாலு படலைக்குப் போய்ச் சொல்லிட்டு வரட்டா?" என்று கேட்டாவாம். "என்ட பொஞ்சாதி மீன் வெட்டுறவள்ட படலையில போய் நிக்கிறதா? சும்மா இரி" என்றாராம். இது அவர்கள் வீட்டில் மா இடிக்கிறவள் வந்து சொன்னது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வயது மனிதருக்கு, தன் ஊர்ப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லையே!

சனிக்கிழமை விடிந்தது. ஆம்பிளைகள் வெள்ளென வோட்டுப் போட்டுவிட்டு வாடிக்குப் போய்விட்டார்கள். முதலாளியின் வண்டில்கள் புதுத் திரை கட்டி, சந்தியில் வரிசையாக நின்றன. மாடுகள் வைக்கோல் தின்றன. ஒருத்தியும் ஏறவில்லை.

நான் ஸுல்பிகாவின் கலியாணத்துக்குக் கட்டின வெள்ளை மேற்கட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நாலு பெண்கள் நாலு மூலையிலும் பிடிக்க, இரண்டு பக்கமும் சீலைகளை நீட்டிப் பிடித்து மறைப்புச் செய்தோம். சுபைதாவின் படலையடியில் நின்று நான் ஒரு குரவை போட்டேன். கலியாண வீட்டுக் குரவை. அன்றைக்குப் போட ஆளில்லாமல் என் தொண்டையில் நின்றது. படலை திறந்தது. அவள் வந்து மறைப்புக்குள் நுழைந்தாள், நுழைந்ததும் அவளும் குரவை போட்டாள். அடுத்த படலை திறந்தது. அதற்கடுத்தது. சீலை போதாமல் வீடுகளிலிருந்து பாய்களைக் கொண்டுவந்து பிடித்தார்கள். பல்லுப் போன கிழவிக்குக் குரவை வரவில்லை, ஊதல்தான் வந்தது. சிரித்துச் சிரித்து நடந்தார்கள்.

வழியில் ஆம்பிளைகள் ஒதுங்கி நின்றார்கள். "பாரு, முதலாளிக்கு எவ்வளவு சனம்!" என்று ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது.

முதலாளிக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. தன் வளவு வாசலில் நின்று பார்த்தவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே திரும்பி, "டேய், சட்டியத் திறங்கடா! சஹன வையுங்கடா! எல்லாம் வருது!" என்று கத்தினார்.

பள்ளிக்கூடத்தில் வாக்குச் சாவடிக்குப் பொறுப்பாக வந்தவர் திருகோணமலை டவுன்காரர், சோமசேகரம் என்று பேர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அம்மா, இது வாக்குச் சாவடி, கலியாணவீடு இல்லை. சத்தத்தை வாசலிலேயே விட்டிட்டு வாருங்கோ" என்றார்.

"கலியாணவீடுதான் ஐயா. உங்களுக்குச் சொல்ல மறந்துட்டம்" என்றேன். மேற்கட்டியை மடித்து வெளியே வைத்தோம். குரவை நின்றது.

உள்ளே முதலாளியின் ஏஜண்டாக அன்ஸார் கதிரையில் சாய்ந்திருந்தான். முதலில் வந்த சுபைதாவைக் கண்டதும் நிமிர்ந்தான். "இவ அவ இல்ல. முக்காட்டுக்குள்ள ஆரெண்டு எப்புடித் தெரியும்? மாப்புளைட பேரச் சொல்லச் சொல்லுங்க." எங்கள் பெண்கள் மாப்பிள்ளையின் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருத்தியையும் இப்படிக் கேட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று நினைத்தான்.

சுபைதா வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சோமசேகரத்தார் பக்கம் திரும்பினாள்.

"பேர் சொல்லமாட்டன் ஐயா. இந்தாள்ட மாமாட தோணியில போறவர். பெருநாளைக்குக் கூலி கேட்டு இந்தாளிட்ட கன்னத்தில வாங்கினவர். இவருக்கு என்ட மாப்புளய நல்லாத் தெரியும், கேட்டுப் பாருங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. சோமசேகரத்தாரும் கண்ணாடியைத் திரும்பத் துடைத்தார். "தம்பி, தெரியுமோ தெரியாதோ?" என்று கேட்டார். அன்ஸார் பேர்ப் பட்டியலுக்குள் குனிந்துகொண்டான். அதன்பிறகு ஒருத்தியையும் அவன் மறிக்கவில்லை.

மத்தியான லுஹர் பாங்கு சொல்கிறபோது எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். திரும்புகிற வழி முதலாளியின் வாசலால்தான். அவர் வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தார். "வாங்க வாங்க! சோறு ஆறப்போகுது, உள்ளுக்கு வாங்க!" பாயும் சீலையும் அவரைக் கடந்துபோயின. குரவை இல்லை, கதையில்லை, காலடிச் சத்தம் மட்டும். நடந்துபோகிற வழியில் ஒவ்வொருத்தியாக அவரவர் படலைக்குள் நுழைந்தாள். படலை கட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அன்றைக்கு எனக்குக் கேட்ட அதே சத்தம்.

கடைசியில் சுபைதா நின்றாள். "ராத்தா, இப்ப உங்கட மனசு ஆறிச்சா? மன்னிச்சிட்டீங்களா?"

"வெத்திலைக்கு வந்திட்டாய். அது சரி. மன்னிக்கிற கதைய நான் உன்னோட கதைக்கல்ல. வீட்டுக்குப் போ" என்றேன். போனாள்.

எனக்கு இன்னும் ஒரு வேலை இருந்தது. வட்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெமீல் முதலாளியின் வளவுக்குள் போனேன்.

பந்தலில் சஹன்கள் வரிசை வரிசையாக மூடிக் கிடந்தன. ஈ விரட்டுகிறவன் விசிறியை வைத்துவிட்டு மூலையில் நின்றான். முதலாளி கதிரையில் இருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. நான் நடுவில் இருந்த ஒரு சஹனுக்கு முன்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்து மூடியைத் திறந்தேன்.

"சாப்பாட்டுக்குக் கூப்பிட்டீங்களாம். கார் வந்து கத்தினது கேட்டிச்சு. நான் வந்திரிக்கன்" என்றேன். "ஆனா சஹன்ல தனிய எப்புடிக் கை வைக்கிற? கூட இருக்க ஆளனுப்புங்க முதலாளி."

அவர் வாசலைப் பார்த்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார். சமையற்காரர்கள் குனிந்து நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை.

குசினிக் கதவால் நஜ்முன் நிஸா வந்தா. கை கழுவிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தா. வழக்கப்படி நல்ல இறைச்சித் துண்டொன்றை எடுத்து என் பக்கம் வைத்தா.

"ஊரெல்லாம் போய்க் கூப்பிட்டீங்க. என்னைக் கூப்பிடல்ல" என்றா மெல்ல.

"கூப்பிட்டா வந்திருப்பீங்களா?"

"தெரியா. ஒருத்தரும் கூப்பிடல்ல. இவரும் கூப்பிடல்ல. விடிய எழும்பித் தனியப் போய்ப் போட்டுட்டு வந்திட்டார். நான் உடுத்திட்டு இருந்த. பிறகு உடுப்ப மாத்திட்டுச் சட்டியக் கிண்டப் போன."

முதலாளி கதிரையை விட்டு எழும்பினார். "நீ வோட்டுப் போடல்லியா?"

அவ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா. எனக்கு அந்த நேரம் வந்த ருசி சோற்றினுடையதில்லை. ஆறுதலாகத் தின்றேன். ஒரு பிடி, இரண்டு பிடி, இறைச்சித் துண்டு. பிறகு, பொழுதுபட எண்ணி முடித்து, குடை வென்றது என்று பெடியன்கள் துறையடியில் வெடி கொளுத்தினார்கள். ஆனால் அதைக் கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. நான் வென்றது அந்தப் பந்தலில், அந்த வெயிலில்.

தின்று முடித்ததும் கை கழுவிக்கொண்டு எழும்பினேன். மூடி திறக்காத சஹன்களை ஒரு முறை நன்றாகப் பார்த்தேன். வட்டாவை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இறைச்சிக்கு உப்புக் காணாது முதலாளி" என்றேன். "மிச்சத்தப் புதைக்கிறதெண்டா களப்புக் கரைக்குக் கொண்டு போங்க. ஆலமரத்துக்கு அந்தப் பக்கம். எங்கட ஆள் முந்தித் தோண்டின இடம். மண் இளக்கமாத்தான் இருக்கும்."